பன்னிரண்டாவது பாதம்

"பெரிய வியாழன், மார்ச் 27, 1997. மாலைப் பூசை ஆறரை மணி. பங்கின் பன்னிருவரது பாதங்கள் கழுவப்பட்டன. சடங்கு அமைதியாக நிறைவுற்றது."

எங்கள் பங்குக் கோயிலின் நாட்குறிப்பேட்டில், நீல மையில், சாய்ந்த கையெழுத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. 'பங்கின்' என்ற சொல்லுக்கும் 'பன்னிருவரது' என்ற சொல்லுக்கும் நடுவே ஏதோ ஒரு சொல்லை எழுதி, பிறகு படிக்கவே முடியாதபடி திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார்கள். நாள் சரி, அந்த ஆண்டின் காலண்டரை இணையத்தில் தேடி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். நேரமும் சரி. 'அமைதியாக' என்பது மட்டும் சரியில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. பீடத்துக்கு முன்னால் பாலர் சபைப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று மொசைக் தரையில் விழுந்து, உருண்டு, தன்னைத்தானே வட்டமடித்து அடங்கும்வரை எழுப்பிய ஓசை இன்றும் என் பல்லிடுக்கில் கூசுகிறது. அதன் பிறகு கோயில் முழுக்கக் கேட்ட ஒரே ஒலி, ஒரு மனிதனின் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டுகிற ஒலி. மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் அதுகூடக் கேட்டது.

காளவாசலுக்கு மேற்கே, லாரி பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா சவரிமுத்து, மிஷன் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் எழுத்தர். கோயிலில், பூசையின்போது பைபிள் வாசகம் வாசிப்பவர். பங்கில் எந்தத் திருமணம் என்றாலும் அன்பைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற வாசகத்தை அவர்தான் வாசிக்க வேண்டும் என்று பெண்வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒருசேரக் கேட்டு வருவார்கள். கடவுள் தரும் வரங்களில் எல்லாம் பெரியது அன்புதான் என்று சொல்கிற, அன்பு எதையெல்லாம் செய்யாது என்று ஒவ்வொன்றாக அடுக்குகிற அந்தப் பகுதியை, மைக்கே தேவைப்படாத கனத்த குரலில், 'அன்பு' என்ற சொல் வரும் இடங்களில் அரை நொடி நிறுத்தி அவர் வாசிக்கும்போது முன்வரிசைக் கிழவர்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். "சவரிமுத்து சார் வாசிச்சாத்தான்யா கல்யாணம் கல்யாணமா இருக்கு" என்பார்கள்.

வீட்டில் அந்தக் குரல் இறங்கிவிடும். அப்பா சத்தம் போட்டு அடிப்பவர் அல்ல. முதலில் கதவைச் சாத்துவார், ரேடியோவின் ஒலியைக் கொஞ்சம் கூட்டுவார், பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். கடிகாரம் பலகையில் படும் அந்தச் சின்னச் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்பை அணைப்பாள். தீக்குப் பக்கத்தில் விழக் கூடாதே என்பதற்காக. கையால், பெல்ட்டால், ஒருமுறை இஸ்திரிப் பெட்டியின் வயரால். தலைமுடியைக் கையில் சுற்றிச் சுவரில் மோதுவார். அந்தச் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தை மறைக்கத்தான் பங்குக் காலண்டரை அங்கே மாட்டியிருந்தோம். அடித்து முடித்ததும் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, "எந்திரி, சோத்தப் போடு" என்பார், ஒன்றுமே நடக்காதது போல.

அந்தக் காலண்டர்தான் நான் எழுதிய முதல் ஆவணம். அதில் புனிதர்களின் திருநாள்களும், கறி சாப்பிடக் கூடாத நாள்களில் ஒரு சின்ன மீன் படமும் அச்சாகியிருக்கும். அம்மா அடிபட்ட நாள்களில் நான் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். ஏன் வைத்தேன் என்று எனக்கே தெரியாது. யாராவது ஒருநாள் கேட்பார்கள், அப்போது தேதி சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

1997இல், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கியதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை. மீன் படம் போட்ட நாள். எங்களைப் போன்ற வீடுகளில் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு தவறை அம்மா அன்று செய்தாள். முதல்நாள் மிஞ்சிய கறிக்குழம்பை, கிழமையை மறந்து, சூடு பண்ணி அப்பாவின் தட்டில் ஊற்றிவிட்டாள். அப்பா ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் அவருக்கும் நினைவு வந்தது. துப்பினார். எழுந்து கையைக் கழுவினார். கடிகாரத்தைக் கழற்றவில்லை, அதற்குக்கூட நேரமில்லாத கோபம். "என்னையப் பாவத்துல தள்ளப் பாத்தியாடி" என்று அம்மாவின் காதைப் பிடித்து இழுத்தவர், பிடியை விடாமலே இன்னொரு கையால் அவள் தோளைத் தள்ளினார். கம்மல் அவர் விரல்களிலேயே தங்கிவிட்டது. அதில் ஒட்டியிருந்தது அம்மாவின் காது மடலில் ஒரு துணுக்கு.

பக்கத்து வீட்டு சரோஜா அக்கா ஓடி வந்து, தன் வீட்டாரிடம் சௌராஷ்டிர மொழியில் ஏதோ கத்தி, டப்பாவோடு காப்பித்தூளை வாங்கி அம்மாவின் காதில் அப்பினார். "போலீசுக்குச் சொல்லுவமா?" என்று அவர் கேட்டதற்கு அம்மா, "வெள்ளிக்கிழமைன்னு மறந்துட்டேன்க்கா, எம்மேலதான் தப்பு" என்றாள். காதைவிட அந்தப் பதில்தான் என்னைப் பயமுறுத்தியது.

திங்கள்கிழமை பள்ளிக்கூட வாசலில் இருந்த தபால்பெட்டியில் ஒரு போஸ்ட் கார்டு போட்டேன். அம்மாவின் தம்பி செபஸ்தியான் மாமாவுக்கு. திருவாதவூரில் கூலிக்கு விவசாய வேலை பார்த்தவர், வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸ் அன்று மட்டும் கோயிலுக்குப் போகிறவர், அந்தக் கம்மலை அக்காவின் கல்யாணத்துக்குச் செய்து போட்டவர். மேலே தேதி போட்டு, கீழே ஒரே வரி எழுதினேன்: 'அப்பா அம்மா காதை அறுத்துவிட்டார், வாங்க மாமா.'

வந்தார். அடுத்த ஞாயிறு, காலைப் பூசை முடிந்து நாங்கள் சந்துக்குள் திரும்பும்போது, தெருக்குழாயடியில் சாக்குப்பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். "என்ன மாப்ள, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்க?" என்று அப்பா சிரித்தார். மாமா எழுந்திருக்கவில்லை. அம்மாவின் காதைப் பார்த்தார். அம்மா முந்தானையை இழுத்துக் காதை மூடினாள். "மூடாத அக்கா" என்றார் மாமா. சாக்குக்குள் இருந்து அரிவாள் வந்ததை நான் பார்க்கவில்லை. அது தரையை ஒட்டி வீசப்பட்டதை மட்டும் பார்த்தேன். குந்தியிருந்தவர் குந்தியபடியே வீசியதால் வெட்டு வலது கணுக்காலுக்கு மேலே விழுந்தது. அப்பா ஒரு நொடி நின்றார். பிறகு கால் மடிந்து, குழாயடித் தண்ணீரில், வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்தார். குடத்துக்கு வரிசையில் நின்ற பெண்கள் குடங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

அம்மா செய்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. முந்தானையைக் கிழித்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டே, நிமிர்ந்து தம்பியைக் கேட்டாள்: "எனக்காக வந்தியாடா, இல்ல ஒன் ரோசத்துக்கு வந்தியா?" மாமா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே போலீசுக்காகக் காத்திருந்தார். அதற்குப் பிறகு அம்மா அவரோடு பேசவில்லை. போஸ்ட் கார்டைப் பற்றி அவளுக்கு எப்படியோ தெரிந்தது. என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. "நீ எழுதுனது சரிதான். ஆனா நீ எழுதுற மாதிரி நான் இருந்தேன் பாரு, அதான் தப்பு" என்றாள்.

அப்பாவுக்குப் பதினான்கு தையல். மாமா உள்ளே இருந்து ஜாமீனில் வெளியே வந்தார். 'குடும்பத் தகராறு' என்றுதான் கோயிலில் பேசிக்கொண்டார்கள். என்ன தகராறு என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. வழக்கு நடந்தால் மாமாவுக்குச் சிறை நிச்சயம். அப்போதுதான் பங்குத்தந்தைக்கு, நாங்கள் சாமியார் என்று கூப்பிடுகிறவருக்கு, அந்த யோசனை வந்தது. நல்ல மனிதர், வேகமாக நடந்து வேகமாக நம்புகிறவர். பெரிய வியாழனுக்கு முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பாவின் கட்டிலில் அவர் காலடியிலேயே உட்கார்ந்தார். இயேசு சீடர்களின் பாதத்தைக் கழுவியதன் நினைவாக ஒவ்வோர் ஆண்டும் பங்கின் ஆண்கள் பன்னிரண்டு பேரை உட்கார வைத்துச் சாமியார் கழுவுவது வழக்கம். இந்தமுறை பன்னிரண்டாவது நாற்காலியில் அப்பா உட்கார வேண்டும். அவர் காலை மட்டும் மாமா கழுவ வேண்டும். அதற்குப் பிறகு நீதிமன்றத்தில் அப்பா வழக்கை வலியுறுத்தக் கூடாது. "அன்புக்கு முன்னாடி அரிவாள் என்ன சார்? சபை பாக்கட்டும்" என்றார் சாமியார். ஊரறிய மாமா தன் காலில் விழுவார் என்பதால் அப்பா ஒத்துக்கொண்டார். சிறைக்குப் போகாமல் இருக்கலாம் என்பதால் மாமாவும் ஒத்துக்கொண்டதாகச் சாமியார் சொன்னார்.

"என்னைய ஒண்ணும் கேக்கலையே சாமி" என்றாள் காப்பியோடு வந்த அம்மா.

"ஒனக்குச் சந்தோசம்தானம்மா? புருசனும் தம்பியும் ஒண்ணு சேர்றாங்க."

அம்மா தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பாதம் கழுவும் சடங்குக்குப் போகிறவர்கள் வீட்டிலேயே காலை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் போவார்கள்; சாமியார் கையில் அழுக்குக் காலைக் கொடுக்கக் கூச்சம். வியாழன் மதியம் அப்பா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு வலது காலை நீட்டினார். அம்மா வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரோடு தரையில் உட்கார்ந்து, கட்டைப் பிரித்து, காய்ந்த புண்ணைச் சுற்றி விரலால் மெல்லச் சோப்புப் போட்டாள். நான் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். சோப்புத் தண்ணீர் புண்ணில் பட்டிருக்க வேண்டும். குனிந்திருந்த அம்மாவின் கன்னத்தில், புண்ணான காதோடு சேர்த்து, அப்பாவின் கை இறங்கியது. வாளித் தண்ணீரில் ஒரு சிவப்பு இழை ஓடியது. புண்ணிலிருந்து அல்ல, காதிலிருந்து. அம்மா காலைத் துடைத்துவிட்டாள். தண்ணீரை முற்றத்தில் கொட்டினாள். நான் காலண்டரில், பெரிய வியாழன் கட்டத்தில், புள்ளி வைத்தேன்.

மாலையில் கோயில் நிறைந்திருந்தது. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு மர நாற்காலிகள். அவற்றில் உட்கார்ந்தவர்கள் கூச்சத்தை மறைக்க ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருந்தார்கள். "எனக்கு ஆணிக்காலு, சாமி கையக் கிழிச்சிரும்டா" என்றார் ஒருவர். "ஒன் காலுக்கு இந்தக் கூஜா பத்தாது மாப்ள, வைகையத்தான் தொறந்து விடணும்" என்றார் பக்கத்தில் இருந்தவர். கடைசி நாற்காலியில் அப்பா, சலவை வேட்டியில், சிரிக்காமல். தூணோரம் மாமா, யாரோ கொடுத்த புதுச் சட்டையின் மடிப்புக் கலையாமல்.

சாமியார் பதினொரு பேரின் வலது பாதத்தைக் கழுவி, துடைத்து, முத்தமிட்டு முடித்தார். நான் எண்ணினேன், எண்ணுவது என் பழக்கம். பிறகு கூஜாவை மாமாவின் கையில் கொடுத்தார். சடங்கில் அவருக்கு உதவும் கோயில் உபதேசியார் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். பாட்டு நின்றது. மாமா முழந்தாளிட்டு, தான் வெட்டிய காலை ஒரு கையில் ஏந்தினார். புண்ணைப் பார்த்தார். தண்ணீரை ஊற்றவில்லை. சாமியாருக்காகத் தாழ்த்தி வைத்திருந்த மைக் மாமாவின் வாய்க்கு நேராக இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. அப்பாவிடம் மட்டும் சொல்வதாக நினைத்துத்தான் மெதுவாகச் சொன்னார்.

"மச்சான், நான் செஞ்சது தப்புத்தான். ஜெயிலுக்குக் கூடப் போறேன். இனிமே அக்காவ அடிக்க மாட்டேன்னு மட்டும் இந்தத் தண்ணியத் தொட்டுச் சொல்லுங்க."

அது நான்கு ஒலிபெருக்கிகளிலும் கேட்டது. கோயிலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில்கூடக் கேட்டதாம்.

அப்பாவின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். மறுகணம் அவருடைய இடது குதிகால் மாமாவின் முகத்தில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் அப்படித்தான் இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். கூஜா ஒரு பக்கம், தாம்பாளம் ஒரு பக்கம். அப்பா எழுந்து, இன்னொரு முறை உதைக்கக் காலை ஓங்கி, வெட்டுப்பட்ட கால் தாங்காமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஆண்கள் பக்கத்திலிருந்து சிலர் தடுக்க ஓடி வந்தார்கள். மாமா கையை ஓங்கவில்லை. முழந்தாளிலேயே இருந்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். இனி கை தன் பேச்சைக் கேட்காமல் போய்விடும் என்று பயந்தவர் போல. சட்டையின் மடிப்புகள் மேல் ரத்தம் வழிந்தது.

அப்போதுதான் அம்மா எழுந்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து, பாயை மிதிக்காமல், நிதானமாக நடந்து வந்தாள். அப்பா நாற்காலியை விட்டுக் கையை எடுத்தார். ஏன் எடுத்தார் என்று தெரியாது. அம்மா அதில் உட்கார்ந்தாள்.

"சாமி, மத்தவங்க எல்லாம் கழுவுன காலத்தான் கொண்டாந்திருக்காங்க. இது கழுவாத காலு. விடிஞ்சதுலருந்து அடுப்படியில நின்ன காலு. கழுவச் சொல்லுங்க."

உபதேசியார் பதறினார். "பொம்பளைங்களுக்குக் கெடையாதும்மா. சட்டம் இருக்கு. எந்திரிங்க."

அம்மா எழுந்திருக்கவில்லை. முந்தானையைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டாள். கிழிந்த காது, அன்று மதியம் புதிதாகக் கசிந்த ரத்தத்தோடு, அத்தனை பேர் முன்னாலும் வெளிச்சத்தில் இருந்தது. அவளாக அதைக் காட்டியது அதுவே முதல்முறை. வலது காலை நீட்டினாள். அதன் சுண்டுவிரல் வளைந்திருக்கும்; எந்த நாளில் எந்தச் செருப்பு மிதித்தது என்று எனக்குத் தெரியும்.

சாமியார் உபதேசியாரைப் பார்த்தார், அம்மாவின் காதைப் பார்த்தார், உருண்டு கிடந்த தாம்பாளத்தைத் தானே எடுத்து வந்து அவள் காலடியில் வைத்தார். மாமா கூஜாவை எடுத்தார். அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது.

"அக்கா, ரத்தம் சொட்டுது. தண்ணியில விழுகுது."

ஒரு மாதத்துக்கு மேலாகத் தம்பியிடம் பேசாதவள் பேசினாள். "விழுகட்டும். கழுவுடா."

கழுவினார். சாமியார் முழந்தாளிட்டுத் துண்டால் துடைத்தார். குனிந்து அந்தப் பாதத்தை முத்தமிட்டபோது, மற்றப் பதினொரு பேருக்கும் செய்ததைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றியது. அதை நான் கடிகாரம் வைத்துப் பார்க்கவில்லை.

அப்பா பக்கவாசல் வழியாக நொண்டிக்கொண்டே வெளியே போனார். அந்த வாசக மேடையில் அவர் அதற்குப் பிறகு ஏறவில்லை. ஈஸ்டர் முடிந்த வாரத்தில் அம்மா என்னை அழைத்துக்கொண்டு நாகமலை புதுக்கோட்டையில் ஒற்றை அறை பார்த்துப் போனாள்; பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சாப்பாடு போடும் மெஸ் ஒன்றில் சமையல் வேலை. மாமா தன் வீட்டுக்கு அழைத்தார். "ஒன் வீட்டுக்கும் வரல. நான் என் கால்ல நிக்கிறேன், நீ அரிவாளத் தொடாம இரு, அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டாள். வழக்கில் அப்பா, வெட்டியவரை அடையாளம் தெரியவில்லை என்று சொன்னார். அன்பினால் சொன்னார் என்று எழுத எனக்கு ஆசைதான். காரணம் சபையில் வெளிவந்தது போல நீதிமன்றத்திலும் வெளிவந்துவிடும் என்ற பயத்தினால் சொன்னார் என்பதே சரியாக இருக்கும்.

பிற்காலத்தில் அவர் படுத்த படுக்கையானபோது அம்மா என்னிடம் தூக்குவாளியில் கஞ்சி கொடுத்து அனுப்பினாள். வாரத்தில் மூன்று நாள், கடைசிவரை. தான் மட்டும் போகவே இல்லை. "இம்புட்டுச் செய்யிறவ ஒரு எட்டுப் போயிப் பாக்கலாம்ல?" என்று சரோஜா அக்கா கேட்டபோது, "சோறு குடுக்கறேன்க்கா, கழுத்தக் குடுக்க மாட்டேன்" என்றாள். அன்பைப் பற்றி நான் கேட்ட வாசகங்கள், மறையுரைகள் எல்லாவற்றுக்கும் பிறகும், அதன் அளவு என்ன என்று யோசிக்கும்போது எனக்கு அந்தத் தூக்குவாளிதான் நினைவுக்கு வருகிறது.

பழைய கோயிலை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். மர நாற்காலிகள் போய்ப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. தெருக்குழாய் இல்லை. நான் புள்ளி வைத்த காலண்டர் வீடு மாறும்போது தொலைந்தது. பெரிய வியாழனுக்குப் பிறகு அதில் புள்ளி இல்லை என்பதை என் நினைவை வைத்துத்தான் சொல்கிறேன். பெண்களுக்கும் பாதம் கழுவலாம் என்று திருச்சபையே பிறகு சட்டத்தை மாற்றிவிட்டது. இந்த ஆண்டு பெரிய வியாழனன்று ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்வரிசையில் என் பக்கத்தில் இருந்த அம்மாவிடம், "அடுத்த வருசம் நீயும் போய் உக்காரேன்ம்மா" என்றேன். "நான் உக்காந்து எந்திரிச்சாச்சுடி" என்றாள்.

மறுவாரம்தான் அனுமதி வாங்கி அந்த நாட்குறிப்பேட்டைப் பார்த்தேன். அந்தச் சாமியார் எங்கள் பங்கில் இருந்த மற்ற ஆண்டுகளின் பெரிய வியாழன் குறிப்புகளையும் புரட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரே வாக்கியம், ஒரே சாய்ந்த எழுத்து: 'பங்கின் ஆண்கள் பன்னிருவரது பாதங்கள் கழுவப்பட்டன.' 1997இல் மட்டும் நடுவில் ஒரு சொல் அடிக்கப்பட்டிருக்கிறது. என் எண்ணிக்கைப்படி அன்று கழுவப்பட்ட ஆண்களின் பாதங்கள் பதினொன்று. அப்பாவின் காலில் தண்ணீர் படவே இல்லை. பன்னிரண்டு என்பது பழக்கத்தில் எழுதிய எண்ணாகவும் இருக்கலாம். அடித்தல் வெறும் எழுத்துப்பிழைக்காகவும் இருக்கலாம். பூதக்கண்ணாடி வைத்தும், தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். மை தாளின் மறுபக்கம்வரை ஊறியிருக்கிறது, எழுத்து தெரியவில்லை. சாமியாரும் உபதேசியாரும் இன்று உயிரோடு இல்லை. அடிக்கப்பட்ட அந்தச் சொல் 'ஆண்கள்' என்பதுதானா என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.